அரிசி தின்னி

என் கல்யாணத்தன்று மழை கொட்டித் தீர்த்தது. சிதம்பரத்தில் மண்டபம். வாசலில் கட்டிய வாழை மரங்கள் தண்ணீரில் நின்றன. குமராட்சிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து கிளம்பிய வேன் பாதி வழியில் படுத்துவிட்டதால், சொந்தக்காரர்கள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தே வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் ஒருவர்கூட வானத்தைத் திட்டவில்லை. நேராக மேடைக்கு ஏறி வந்து என்னைத்தான் முறைத்தார்கள்.

"அரிசியத் தின்னாதடி, தின்னாதடின்னு தலபாடா அடிச்சிக்கிட்டமே, கேட்டியா? இப்ப பாரு" என்றாள் என் பெரியம்மா, தலையைத் துவட்டிக்கொண்டே. மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார்.

வேகாத அரிசியை வெறும் வாயில் போட்டு மெல்லும் பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மழை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கார்த்திகை மாதத்தில், கொள்ளிடக் கரையில் ஊரை வைத்துக்கொண்டு, முகூர்த்தமும் வைத்துவிட்டு, மழைக்கு நான் பொறுப்பா? வங்கக் கடலில் சுழலும் புயலெல்லாம் நான் தின்ற அரிசியிலிருந்தா கிளம்புகிறது? கேட்டிருப்பேன். தலையில் பூவும் கழுத்தில் மாலையும் கனத்ததால் விட்டுவிட்டேன்.

ஆனால் தின்றது உண்மை. பெரியவள் ஆனதிலிருந்தே தின்றேன். மற்றவர்களுக்கு முறுக்கு, மிக்சர். எனக்கு அரிசி. அரிசிப் பானையின் மூடியைத் திறந்ததும் எழுகிற அந்த உமி வாசனைக்கே வாயில் எச்சில் ஊறும். ஒரு பிடி அள்ளி, கடைவாயில் ஒதுக்கி, மெதுவாகக் கடித்தால் மாவாகிப் பால் மாதிரி இறங்கும். அந்தச் சுகத்தை இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலைக்குப் போனபோதும் கைப்பையில் ஒரு பொட்டலம் இருக்கும். கல்யாணமாகி வந்த வீட்டிலும் அதேதான். "என்னா மச்சான், ஒம் பொண்டாட்டிக்கு அரிசி தனியா வாங்கணும் போலருக்கே" என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். சிலருக்கு ஊதா நிறம் பிடிக்கும், சிலருக்கு மல்லிகை பிடிக்கும், எனக்கு இது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுக்க நின்றபடி விரித்துக் காட்டுவதும், பிடிக்கவில்லை என்று அவர்கள் உதட்டைப் பிதுக்கியதும் மடித்து வைப்பதும்தான். மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்கும். படியின் பாதியில் நின்று, கீழே யாரையோ தேடுவதுபோல் நடிப்பேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பு. களைப்புக்கு மருந்து டீ. காலையில் டீ, பதினோரு மணிக்கு டீ, சோற்றைத் தின்று கை கழுவியதும் டீ. எங்கள் கடையில் சாப்பாட்டுக்குப் பிறகு டீ குடிக்காதவரை ஏதோ விரதம் இருப்பவர் மாதிரி பார்ப்பார்கள்.

கல்யாணமாகிச் சில வருடம் கழித்துத்தான் வயிற்றில் பிள்ளை தங்கியது. ஐந்தாம் மாதம் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "ஏழரை" என்றார்.

என் வீட்டுக்காரர் மினி பஸ் டிரைவர். கண்ணாடிக்கு முன்னால் எல்லாச் சாமியும் வைத்திருப்பவர். அவருக்கு முகமே மாறிவிட்டது. "ஏழரையா? பேர்லியே சனி இருக்கே டாக்டர்."

"சனியெல்லாம் இல்ல, ஹீமோகுளோபின் அளவு, பதினொண்ணாவது இருக்கணும். ரத்தசோகை. இந்த ரத்தத்தோட இவுங்க பிரசவத்துக்கு வந்தா நான் இங்க வச்சிக்க மாட்டேன். பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். பிரசவத்துல எல்லாருக்கும்தான் ரத்தம் போவும். இருக்கறவங்க தாங்கிப்பாங்க. இல்லாதவங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி போனாலே உசுருக்கு ஆபத்து."

வெளியே வந்து மினி பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து நான் அழுதேன். பிரசவத்துக்குப் போய்த் திரும்பி வராதவர்கள் பற்றி எங்கள் ஊரில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தத் தாழ்ந்த குரல்தான் அன்று முழுக்க என் காதில் கேட்டது.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் மாமியார் பிரித்துப் பார்த்தார். அடர்ந்த சிவப்பு, கிட்டத்தட்ட கருப்பு. "இத்தத் தின்னா புள்ள கருப்பா பொறக்கும்னு சொல்லுவாங்க" என்றார், கவலையாக.

"அத்த, நான் கருப்பு. ஒங்க புள்ள என்னைவிடக் கருப்பு. நீங்க ஒண்ணும் ரோசாப்பூ இல்ல. மாத்திர மேல எதுக்குப் பழி போடறீங்க?"

மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து மாத்திரையை அவரே கையில் எடுத்துத் தந்தார். வெறும் தண்ணீரில் விழுங்கினால் எனக்குக் குமட்டும், இரும்பு வாடை தொண்டையிலேயே நிற்கும். அதனால் சாப்பிட்டு முடித்ததும் சூடாக ஒரு டம்ளர் டீ போட்டு, அதோடு விழுங்க வைப்பார். நல்ல இஞ்சி டீ. குமட்டல் போய்விடும். எவ்வளவு அக்கறையாக ஒரு தப்பைச் செய்ய முடியும் என்பதற்கு எங்கள் வீட்டை வந்து பார்த்திருக்கலாம்.

மறுமாதம் பார்த்தபோது ஏழரைக்கும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

டாக்டரம்மாவுக்குக் கோபம். மாத்திரையைச் சாக்கடையில் போடுகிறேன் என்றே முடிவு கட்டிவிட்டார். எனக்கும் கோபம். ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியவளைச் சந்தேகப்பட்டால்? "என் மேல சத்தியமா முழுங்குறேன் டாக்டர். வேணும்னா எங்க அத்தயக் கேளுங்க" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார், "டீ போட்டுக் குடுத்து முழுங்க வக்கிறதே நான்தாம்மா" என்றார் பெருமையாக.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "டீயிலயா?"

"சாப்பிட்ட ஒடனே. சூடா."

"போச்சு, போ. ஒரு கையால குடுத்துட்டு இன்னொரு கையால புடுங்கிக்கிறீங்க. சாப்பாட்டுல இருக்கற இரும்பையும் மாத்திரையில இருக்கறதையும் ஒடம்புல சேரவிடாம அந்த டீ தடுத்துடும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, மண்ணு, சாம்பல், பல்பம், இந்த மாதிரி ஏதாச்சும் திங்கிற பழக்கம் உண்டா?"

"ச்சீ, அதெல்லாம் இல்ல."

"அரிசி?"

மாமியார் என் கைப்பையைப் பார்த்தார். அதில் அப்போதும் பொட்டலம் இருந்தது.

"எப்பலேருந்து?"

"பெரியவளானதுலேருந்து."

"மாசா மாசம் தீட்டு ஜாஸ்தி போவுமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. டாக்டரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அது ஆசை இல்லம்மா. ரத்தத்துல இரும்பு கொறைஞ்சவங்களுக்கு இப்படி வரும். மண்ணத் தேடும், அரிசியத் தேடும், சிலருக்கு ஐஸ் கட்டியக் கடிக்கத் தோணும். உன் ஒடம்பு இத்தன வருஷமா சொல்லிக்கிட்டே இருந்திருக்கு."

என் பெரியம்மா, பக்கத்து வீடு, பள்ளிக்கூடத்துத் தோழிகள், கடையில் உடன் வேலை செய்பவர்கள், எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள்! எல்லாரும் பார்த்தோம். நானும்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினோம். ஒரு ஊரே சேர்ந்து ஒரு நோயின் அடையாளத்தை மழைக்குறியாக வைத்திருந்தது. கோபப்படத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை. அந்த உடம்பு என்னை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்கிற ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது.

"இத்தன நாள் உள்ள இருக்கற புள்ளைக்கு என்னா கெடச்சிருக்கும்?" என்றேன்.

"அது உன்னைக் கேட்டுக்கிட்டு எடுக்காதும்மா. உன்கிட்ட எவ்வளவு கொறைவா இருந்தாலும் தனக்குண்டானத முதல்ல எடுத்துக்கப் பாக்கும். மிச்சம் மீதிதான் உனக்கு. ரொம்பக் கொறைஞ்சா அதுக்கும் பத்தாது. இன்னும் ஒரு மாசம் பாக்குறேன். மாத்திரையும் வேணும், சாப்பாடும் வேணும். ஒண்ண விட்டாலும் ஏறாது. ஏறலன்னா நரம்பு வழியா இரும்பு மருந்து, அதுக்கும் ஏறலன்னா ரத்தம்."

வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் தலையை நீட்டி, ரொம்ப நேரமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டார். "டாக்டர், இந்த இரும்பு இரும்புங்கறீங்களே, நம்ம பஸ்ஸுல இருக்கற அதே இரும்பா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதே இரும்புதான்" என்றார்.

அன்று அவர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்ததைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கிறார், கியர் தண்டைப் பார்க்கிறார், என் வயிற்றைப் பார்க்கிறார். "அடேயப்பா" என்றார். "அதே இரும்பாம்ல." நானும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கையளவு உயிர் ஒன்று, கண் திறக்காதது, என் உடம்பில் குறைவாகக் கிடந்த சத்தைத் தேடி எடுத்துத் தன் ரத்தத்தைச் செய்துகொண்டிருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சமையல் தலைகீழானது. அவர் போகும் வழியெல்லாம் ஊர். கீரைக்கட்டோடு பஸ் ஏறும் பெண்களை, இறங்கும்போது நிறுத்தி ஒரு கட்டு வாங்கிவிடுவார். "எம் பொண்டாட்டிக்கு ரத்தம் கம்மி" என்று அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறார் மனுஷன்! வெட்கமாகப் போனது. குமராட்சி வழித்தடத்தில் என் ஏழரையைத் தெரியாத பிரயாணி இல்லை. அவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தி முருங்கைக்கீரையை ஒடித்து வந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டுப் போவாள். இன்னொருத்தி கொய்யாப்பழம் தருவாள். இந்த முகங்களை நான் பார்த்ததுகூடக் கிடையாது.

மாமியார் டீத்தூள் டப்பாவை அலமாரியின் மேல்தட்டில், என் கைக்கு எட்டாத இடத்தில் ஏற்றிவிட்டார். அடுத்தது மாத்திரை. அதை எலுமிச்சம்பழச் சாற்றில் விழுங்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். புளிப்பு, அந்த இரும்பைப் பிடித்து உள்ளே சேர்க்குமாம். கீரையை மட்டும் மலை மாதிரி தின்றால் போதாது, பருப்பு, பயறு, முட்டை, மீன், பழம் எல்லாம் கலந்து தட்டில் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதுவரை என் தட்டு எப்படி இருக்கும் தெரியுமா? சோற்று மேடு, ஓரத்தில் கொஞ்சம் குழம்பு. இப்போது சோறு ஓரத்துக்குப் போய்விட்டது. முருங்கைக்கீரைப் பொரியல், முளைகட்டிய பயறு, மத்திக் குழம்பு, கேழ்வரகு அடை என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று. சும்மா சொல்லக்கூடாது, மாமியார் கையில் அவ்வளவு ருசி இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கீழ்வீட்டில் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து குடியிருந்த அக்கா ஒருத்தி உண்டு. கணவர் வெளிநாட்டில். விஷயம் காதில் விழுந்ததும் மேலே ஏறி வந்தாள். "என்னா புள்ள, ஏங்கிட்ட சொல்ல மாட்டியா? நாளைக்கே சுவரொட்டி வாங்கியாறேன்" என்றாள்.

என் வீட்டுக்காரர் விழித்தார். அவருக்குச் சுவரொட்டி என்றால் பஸ் ஸ்டாண்டு சுவரில் பசை தடவி ஒட்டுவது மட்டும்தான். "போஸ்டரயா திங்கச் சொல்றாங்க?" என்று என் காதில் கேட்டார். ஆட்டின் மண்ணீரல் என்று அக்கா விளக்கியபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுநாள் மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துக் கொண்டுவந்தாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் வாய் வைத்தேன். மூன்றாவது வாய்க்கு மூக்கை விட்டுவிட்டேன். "அல்லா ஒனக்கு நல்ல பெலத்தத் தருவான், தின்னு" என்று, நான் முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

டீ இல்லாத பகல்கள்தான் பெரும்பாடு. தலைவலி, எரிச்சல். கடையில் வாடிக்கையாளர் ஒருத்தியிடம் "ஒரே கலர்தாங்க இருக்கு, எடுத்தா எடுங்க" என்று சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டால் ஒரு டம்ளர் குடிக்கலாம் என்று டாக்டரம்மா பிறகு இறங்கி வந்தார். அந்த ஒரு டம்ளருக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சேலை மடித்தேன்.

பிறகு ஒரு நாள் காலையில் அது நடந்தது. உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்து, கல் பார்த்து, குக்கரில் போட்டு மூடியும் விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஒரு அரிசிகூட என் வாய்க்குப் போகவில்லை. போட வேண்டும் என்று கை எழவே இல்லை.

அரிசிப் பானையை மறுபடி திறந்தேன். வாசனை இருந்தது, அரிசி வாசனை, அவ்வளவுதான். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றேன். ஐயோ, சப்பென்று, சுண்ணாம்பு மாதிரி இருந்தது. இதையா இத்தனை வருடம் தின்றேன்? இதற்காகவா ஊர்ப்பேச்சு கேட்டேன்? என் குணம் என்று நான் நம்பியிருந்த ஒன்று, என் அடையாளம் என்று சிரித்துக்கொண்ட ஒன்று, கீரைக்கும் எலுமிச்சைக்கும் மாத்திரைக்கும் பயந்து சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாமியார் பயந்துபோய், "என்னா புள்ள, வலிக்குதா?" என்று ஓடிவந்தார். "அத்த, அரிசி நல்லால்ல" என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டு அழுதார்.

அந்த மாதம் ரத்தம் ஏறியிருந்தது. அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். பிரசவத்துக்கு முன்னால் பத்தைத் தாண்டியது. டாக்டரம்மா பாண்டிச்சேரிப் பேச்சை எடுக்கவில்லை. ஆனாலும் "ரத்தம் குடுக்க ஆள் தயாரா வச்சிக்குங்க, எதுக்கும்" என்றார். அந்த "எதுக்கும்" எங்களைத் தூங்கவிடவில்லை. என் வீட்டுக்காரரின் கண்டக்டருக்கு என் ரத்த வகை. வலி எடுத்த காலையில் அவரும் டிக்கெட் பையோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்று எங்கள் மினி பஸ் ஓடவில்லை.

வலியைப் பற்றி எழுதப்போவதில்லை. பெற்றவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னாலும் தெரியாது. குழந்தை வெளியே வந்ததும் என் வயிற்றின் மேல் போட்டார்கள். சூடாக, வழுக்கலாக, கத்திக்கொண்டு கிடந்தது. கொடியை அறுக்கக் கத்தரி எடுத்த நர்ஸைப் பார்த்து டாக்டரம்மா, "கொஞ்சம் பொறு, துடிப்பு நிக்கட்டும்" என்றார்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். எனக்கும் அதற்கும் நடுவில் அந்தக் கொடி, முறுக்கிய நீலக் கயிறு, துடித்துக்கொண்டிருந்தது. என் கண் முன்னால், வெளிச்சத்தில்.

"என் ரத்தமா போவுது?" என்றேன்.

"உன்னுது இல்லம்மா. உன் பொண்ணோடதே. உள்ள மிச்சம் வச்சிருந்தத எடுத்துக்கறா. இது உள்ள போய்ச் சேர்ந்தா அவளுக்கு ரத்தசோகை வராது, கொஞ்ச மாசத்துக்காச்சும்."

நான் அதுவரை பார்த்ததிலேயே பெரிய அதிசயம் அதுதான். கீரைக்காரிகள் கொடுத்தது, அக்கா வறுத்தது, மாமியார் பிசைந்தது எல்லாவற்றிலிருந்தும் தனக்கென்று ஒரு ரத்தம் செய்து, அதில் ஒரு சொட்டையும் விட்டுவைக்காமல் வாங்கிக்கொண்டு அவள் உலகத்துக்கு வருகிறாள். வெளிறிக் கிடந்த உள்ளங்கால் எங்கள் கண்ணெதிரே சிவந்தது. கொடி மெல்ல வெளுத்து, துவண்டு, நின்றது. அப்புறம்தான் அறுத்தார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. டாக்டரம்மாவின் குரல் மாறியதிலிருந்து தெரிந்துகொண்டேன். ஊசி என்றார், இன்னொன்று என்றார், நர்ஸ் என் அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தாள். எனக்குக் குளிரெடுத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, அவருடைய நடை. போய்விடுவேனோ என்று நினைத்தேன். அவளை ஒரு தடவைதானே பார்த்தேன் என்று நினைத்தேன்.

"நின்னுடுச்சு" என்றார் டாக்டரம்மா. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தார். கண்டக்டர் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டபடி எழுந்து நின்றார்.

"உக்காருப்பா, வேணாம்" என்றார் டாக்டரம்மா. "அவ ரத்தமே அவளுக்குப் போதும்."

கதவு பாதி திறந்தே கிடந்தது. என் வீட்டுக்காரர் சுவரோரம் அப்படியே உட்கார்ந்து அழுவதைப் பார்த்தேன். செல்போன் அடித்தது, மறுபடி மறுபடி அடித்தது. பெரியம்மா, கீழ்வீட்டு அக்கா, குமராட்சி வழித்தடத்துப் பெண்கள் யார் யாரோ. ஆணா பெண்ணா என்றுதான் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் முதலில் இதைத்தான் சொன்னார்:

"அவ ரத்தமே அவளுக்குப் போதுமாம்."